அட்டை ஏறாத இடம்

இன்று கலவான டவுன் பாமசிக்குப் போனேன். மூன்று மாதமாகக் கீழே எரிச்சலும் அரிப்பும். வெட்கத்தில் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ், கீழ அரிக்குதுங்க," என்றேன் மெதுவாக.

மருந்து கொடுக்கும் மிஸ், கொழுந்து பறிக்கையில் அட்டை கடித்த என் காலைப் பார்த்தார். அட்டைக் கடிக்குப் பூசும் களிம்பை எடுத்து வைத்தார்.

பேசாமல் வாங்கிவந்திருப்பேன். ஆனால் எரிச்சல் தாங்கவில்லை. "இது அட்டை ஏறாத இடம், மிஸ்," என்று சொல்லிவிட்டேன்.

சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிட்டு விசாரித்தார். "மாசம் வாறது நின்னா அந்த இடம் காஞ்சு போகும். மொகத்துக்கு கிரீம் பூசுறோந்தானே, இதுவும் அப்படித்தான். கிளினிக்லயும் ஒருக்கா காட்டுங்க," என்று அந்த இடத்துக்கான கிரீமைத் தந்தார்.

வெளியே எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுச் செல்வி. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அண்ணன் போயி ஒரு வருசங்கூட ஆகல. ஒங்களுக்கு இது எதுக்குக்கா?"

என் வீட்டுக்காரரை நினைக்காத நாள் இல்லை.

"அவருதான் போயிட்டாரு, செல்வி. ஒடம்பு என்கிட்டதானே இருக்கு? நான்தானே பாத்துக்கணும்?"

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். இறங்கும்போது காதோரம் கேட்டாள்: "அக்கா, அந்த மிஸ் எந்தெந்த நாள் இருப்பாங்க?"

ஞாயிறு தவிர எல்லா நாளும் இருக்கிறார். கேட்க வெட்கப்படுகிறவர்கள் லைக் மட்டும் போடுங்கள், நான் புரிந்துகொள்வேன்.