'அடுத்த ஃபெரி' இன்னும் முடியவில்லை

எங்கள் தொழிலில் பாடுவது சுலபம்; பாடி முடிக்க விடுவார்களா என்பதுதான் பெரும்பாடு. மைக் பிடித்துப் பிழைக்கும் அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குத் தெரியாததா?

நான் பாலிக் புலாவில் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஜார்ஜ்டவுன் ஓட்டல்களில் ஆங்கிலப் பாட்டு பாடிப் பாடி ஜாஸ் ஒட்டிக்கொண்டது. பயந்துவிடாதீர்கள்: தாளத்தை முன்னால் போகவிட்டு, பின்னால் சாவகாசமாகப் போய்ப் பிடிப்பது, அவ்வளவுதான். அந்தப் பாணியில் நானே ஒரு தமிழ்ப் பாட்டு கட்டினேன். பெயர் 'அடுத்த ஃபெரி'. எங்கள் தீவிலிருந்து கடல் தாண்டிப் பட்டர்வொர்த் போகும் ஃபெரிப் படகைத் தவறவிட்டவள் ஒருத்தி கரையில் நிற்கிறாள். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் வாத்தியங்கள் நிற்கும், நானும் நிற்பேன். அந்த மௌனத்துக்குப் பிறகு வரும் இரண்டு வரிதான் பாட்டின் உயிர். அதை ஒரே ஒரு தடவை ஆட்கள் முன்னால் பாடிவிட ஆசைப்பட்டேன்.

பிரியாணி

முதல் முயற்சி பாகான் டாலாமில், ஒரு கல்யாண விருந்தில். சபை அமைதியாகக் கேட்டது, எனக்கே ஆச்சரியம். மௌனம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். நிகழ்ச்சி நடத்திய தம்பி பாய்ந்து வந்து, "நன்றி, நன்றி! சாப்பாடு தயார்!" என்றான். கண்ணைத் திறந்தால் ஆயிரம் முதுகுகள் பிரியாணியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

என்னப்பா இப்படிச் செய்துவிட்டாய் என்று கேட்டேன். "நீங்க பாட்ட நிப்பாட்டினீங்க, நான் சாப்பாட்ட ஆரம்பிச்சேன். இதுல என்னக்கா தப்பு?"

மாப்பிள்ளை முன்னே

அடுத்து ஒரு ரிசப்ஷன். மணமக்கள் கைகோத்து நடந்து வர மெதுவான பாட்டு வேண்டும் என்றார்கள். விடுவேனா? 'அடுத்த ஃபெரி'யை எடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை டிரம்ஸைக் கேட்டு நடந்தார். பொண்ணு என் குரலைக் கேட்டு நடந்தாள். என் குரல்தான் எப்போதும் பின்னால் வருமே! பாதி வழியில் கை விட்டுப்போனது. மாப்பிள்ளை தனியாக மேடையேறித் திரும்பிப் பார்த்தார். பொண்ணு இன்னும் ஐஸ்கிரீம் மேசைப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். கீபோர்டு வாசித்த மணி அண்ணன் பதறிப்போய்ப் பாட்டைப் பாதியில் வெட்டி, நாதஸ்வர ஒலியைப் போட்டுவிட்டார்.

பொண்ணோட அத்தை மேடைக்கே வந்துவிட்டார். "ஏம்மா பாட்டுக்காரம்மா, காலையிலதான் தாலி கட்டியிருக்கு. அதுக்குள்ள பிரிச்சு வச்சுராத லா!"

பாப்பாவின் காது

இனி வீட்டிலேயே பாடிக்கொள்வோம் என்று, சம்பால் தாளிக்கும்போது பாடினேன், துணி காயப்போடும்போது பாடினேன். கேட்க ஒரே ரசிகை, என் மகள் யாழினி. பாலர் பள்ளியில் படிக்கிறாள்.

ஆண்டு விழா ஒத்திகைக்குப் பிறகு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எல்லாப் பிள்ளைகளும் ஒரு வரியைப் பாடி முடித்த பிறகுதான் யாழினி அதை ஆரம்பிக்கிறாளாம், கண்ணை வேறு மூடிக்கொள்கிறாளாம். டீச்சர் குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீங்க சிஸ்டர், பாப்பா காத ஒரு தடவ செக் பண்ணிருங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டீ

கடலோர ஓட்டல் ஒன்றில் ஞாயிறு மாலைத் தேநீருக்குப் பாட ஆள் தேடினார்கள். நன்றாக அமைந்தால் வாராவாரம் வேலை. வீட்டுக்காரருக்கு அன்றைக்கு ஃபேக்டரியில் ஷிப்ட். யாழினியைக் கூட்டிப்போய் ஒரு மூலையில் கேக்கோடு உட்கார வைத்தேன். கடைசிப் பாட்டாக என் பாட்டு.

மௌனம் வந்தது. ஒருவர் கைதட்டக் கையைத் தூக்கினார். சூப்பர்வைசர் காசிம் அண்ணன் ரெக்கார்டு பாட்டைப் போட சுவிட்சுக்குப் போனார். போச்சு என்று நினைத்தேன். அப்போது நாற்காலிமேல் ஏறி நின்றது ஒரு குரல்: "யாரும் தட்டாதீங்க! இன்னும் முடியல! அம்மா ஃபெரிக்கு நிக்கிறாங்க!"

தூக்கிய கை அப்படியே நின்றது. காசிம் அண்ணனும் நின்றார். அந்த இரண்டு வரியையும் பாடினேன், சாவகாசமாக, தாளத்துக்குப் பின்னாலேயே.

பிறகு காசிம் அண்ணன் வந்தார். "அடுத்த வாரத்துலேருந்து வந்துரு தங்கச்சி. பாப்பாவும் கண்டிப்பா வரணும். நீ எப்ப முடிப்பேன்னு எங்களுக்கு எப்படித் தெரியும் லா?"

ஆக, இத்தனை வருஷம் தொண்டை கிழியப் பாடி நான் வாங்கிய வேலை, என் மகளுக்குத் துணையாகப் போய் வருவது.