மஞ்சள் பூவில் வெள்ளைப் பொடி

பருத்திப் பூவுக்குக் கல்யாணம் செய்து வைப்பது என்று ஒரு வேலை இருக்கிறது. அதற்குக் கூலிக்குப் போன பெண்கள் யாராவது இதைப் படித்தால், என்னோடு சேர்ந்து கொஞ்சம் தலைகுனிந்துகொள்ளுங்கள்.

பந்தியில் கேட்டது

நாமக்கல்லுக்குத் தெற்கே இருக்கும் சர்க்கார் பருத்திப் பண்ணையில் எனக்கு வேலை. மறுநாள் விரியப் போகும் மொட்டைச் சாயங்காலமே பார்த்துவைத்து, நகத்தால் இதழைக் கிள்ளி, உள்ளே இருக்கும் பூப்பொடியை உதிர்த்துவிட்டுக் காகித உறை மாட்ட வேண்டும். காலையில் வேறு செடியின் பூவைப் பறித்து வந்து அதன் பொடியைத் தடவ வேண்டும். கைக்குழந்தையை வேப்பமரத்துத் தூளியில் போட்டுக்கொண்டே செய்யலாம். எனக்கு அதற்கு மேல் என்ன சௌகரியம் வேண்டும்?

ஒரு காதுகுத்து விருந்தில் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். பந்தியே வாய் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே இருந்த என் வீட்டுக்காரரின் அக்கா, ரசத்தை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப, ஊரான் ஊட்டுப் பூவைக் கூட்டிக் குடுக்கற பொழப்புன்னு சொல்லு அம்மிணி."

சுத்தமான வயல்

எங்கள் காட்டில் பருத்தி பூக்கும்போது, இனத்தோடு சேராத செடி கண்ணில் பட்டால் வேரோடு பிடுங்கிவிடுவோம். விட்டால் விதை கெட்டுவிடும். பிறந்த வீட்டில் பழகிய கை, பண்ணைக்குப் போனால் மட்டும் சும்மா இருக்குமா?

பண்ணையின் ஒரு வயலில் மஞ்சள் பூச் செடிக்குப் பொடியும் மஞ்சள். வெள்ளைப் பூச் செடிக்குப் பொடியும் வெள்ளை. அந்த இரண்டு இனத்தையும் கலந்து, இரண்டாம் தலைமுறையாக வந்த பேரப்பிள்ளைகள் அவை. நடுவில் அங்கொன்று இங்கொன்றாக மஞ்சள் பூவில் வெள்ளைப் பொடி, வெள்ளைப் பூவில் மஞ்சள் பொடி. எங்கள் ஆபீசர் கோயமுத்தூர் போயிருந்த சமயம். சின்ன வயது மனிதர், திரும்பி வந்து பார்த்தால் சந்தோஷப்படட்டும் என்று, யாரும் சொல்லாமல் நானாகவே அந்த ஒவ்வாத செடிகளை எல்லாம் பிடுங்கி ஆடுகளுக்குப் போட்டேன். கூட வேலை செய்யும் பாவாயி வரப்பில் நின்று மெச்சினாள்: "சிக்கெடுத்துச் சீவுன தலையாட்டம் இருக்குது புள்ள உன்ற வயலு."

தேர்க் கூட்டம்

ஆபீசர் வந்தார். பூப்பூவாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். முகம் வாடிக்கொண்டே போனது. என்னங்க தேடறீங்க என்று கேட்டேன். பூ நிறமும் பொடி நிறமும் குரோமோசோம் என்கிற ஒரே கயிற்றில் இருக்கின்றனவாம். அதனால்தான் ஒட்டிக்கொண்டு வருகின்றனவாம். எவ்வளவு கிட்ட இருக்கின்றன என்று அவர் படம் போட வேண்டும். "எப்பவாவது கயிறு அறுந்து மாத்தி ஒட்டும்மா. அப்ப ரெண்டும் பிரியும். எத்தனை செடியில பிரிஞ்சிருக்குன்னு எண்ணித்தான் தூரம் சொல்ல முடியும்" என்றார்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "திருச்செங்கோட்டுத் தேர்க் கூட்டத்துல மாதிரிங்களா? இடுப்புல இருக்கற குழந்தை என்னைய விட்டுப் பிரியறதே இல்லீங்க. பின்னால வர்ற மாமியா முக்குக்கு முக்கு வேற கூட்டத்தோட போயிருவாங்க" என்றேன். அதேதான் என்று சிரித்தார். பங்குனியில் பண்ணையைப் பார்வையிட வெள்ளைக்காரத் துரை வருவதற்குள் பிரிந்த செடி ஒன்றாவது காட்டாவிட்டால் இந்த வயலை மூடிவிடுவார்கள், உங்கள் எல்லாருக்கும் வேலை போய்விடும் என்றும் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு ஆட்டுக்குப் போட்ட செடிகள் நினைவுக்கு வந்தன. "மஞ்சப் பூவுல வெள்ளைப் பொடி இருந்தா, அது பிரிஞ்ச செடிங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ஆட்டுப் பட்டிப் பக்கம் திரும்பிச் சொன்னார்: "என்னோட படத்தை அதுங்க தின்னுடுச்சும்மா."

கிணற்று மேடு

மறுநாளிலிருந்து, கஞ்சி குடிக்கும்போது நான் உட்கார்ந்த நிழலில் ஒருத்தியும் உட்காரவில்லை. பாவாயிகூட. அவர்கள் பிழைப்பிலும் அல்லவா கை வைத்துவிட்டேன்?

அதே விதையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பருவம் தப்பினாலும் பரவாயில்லை என்று ஆபீசர் அதைக் கிணற்று மேட்டில் ஊன்றினார். தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு குடம் தண்ணீர், ஒரு குடம் வேண்டுதல். பூக்கத் தொடங்கியதும் தினமும் காலையில் ஒவ்வொரு பூவாக எட்டிப் பார்ப்பேன். மஞ்சளுக்கு மஞ்சள், வெள்ளைக்கு வெள்ளை. நல்ல குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்த்து இப்படி எரிச்சல்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

துரை வந்த அன்று காலையில், ஓரத்துச் செடி ஒன்றில் மஞ்சள் பூவுக்குள் வெள்ளைப் பொடி. கத்தினால் யாராவது ஓடி வந்து மிதித்துவிடுவார்களோ என்று பயம். தூளியில் குழந்தை அழ அழ, கையை விரித்துக்கொண்டு ஆட்டை மறிப்பவள் போல அங்கேயே நின்றேன். ஆபீசரும் துரையும் வந்தார்கள். துரை குனிந்து பார்த்தார், என்னையும் பார்த்தார், தொப்பியை எடுத்துத் தலையசைத்தார். அடுத்த போகத்துக்கு வயல் தப்பியது. துரை என்ன சொன்னார் என்று பாவாயி கேட்டாள். எல்லாரும் சுற்றி நிற்க, என் முகத்தைப் பார்க்காமல் ஆபீசர் சொன்னார்: "பிரிஞ்ச செடியைக் கண்டுபிடிச்சதே இந்த அம்மாதான்னு சொன்னேன், கெட்டிக்காரின்னு மெச்சினார், ஆட்டைப் பத்தி நான் எதுவும் சொல்லலை."

ஒரே கயிற்றில் ஒட்டிப் பிறந்த குணங்கள்கூட என்றைக்காவது பிரிந்துவிடுகின்றன; எனக்குக் கிடைத்த பாராட்டையும் வெட்கத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் செடிதான் இன்னும் எந்த வயலிலும் முளைக்கவில்லை.