கரண்ட் காற்சட்டை

லண்டன் குளிர் எலும்பைத் தின்னும் என்பார்கள். அது பஸ்ஸில் போகிறவர்களின் கதை. மோட்டார் சைக்கிள்காரனின் குளிர் விரலில் தொடங்கி, இடுப்பில் குடியேறி, கடைசியில் புத்திக்கு ஏறும். எண்பதுகளின் கடைசியில் நான் கூரியர் வேலை செய்தேன். காலையில் ஈஸ்ட் ஹாமில் புறப்பட்டால் பின்னேரம் வரை நகரம் முழுக்கக் கடிதமும் பொதியும் காவித் திரிவேன். இரண்டு பனிக்காலம் தாக்குப்பிடித்தேன். மூன்றாவதில் பிரேக்கைப் பிடிக்கச் சொன்னால், விரல்கள் "நீ யார்?" என்று கேட்டன.

அதனால் முதலில் சூடேறும் கைப்பிடி பூட்டினேன். வண்டியின் பற்றரியிலிருந்து கரண்ட் வரும். சுவிட்சைத் தட்டினால் கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை இளகிவிடும். அன்று சிவப்பு விளக்குகளில் நிற்கக்கூட எனக்கு ஆசையாக இருந்தது. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் அல்லவா? அடுத்த கிழமையே, உள்ளே கம்பி ஓடும் காற்சட்டை ஒன்றும் வாங்கினேன். அதையும் ஒரு வயரால் வண்டியில் கொழுவ வேண்டும். வயரைக் கழற்ற மறந்து இறங்கி, கட்டையில் கட்டிய மாடு மாதிரி பல தடவை இழுபட்டிருக்கிறேன்.

மனைவிக்குக் கைப்பிடி பிடித்தது. காற்சட்டை பிடிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, உது சூடெல்லோ! உடம்பு கொதிச்சுப்போகும்."

"வெளியில ஐஸ் கொட்டுது. கொஞ்சம் சூடு இருந்தால் என்னப்பா?"

"எந்த இடத்தில சூடு எண்டு யோசிச்சனீங்களோ?"

எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருடம். பிள்ளை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியிலும் "விசேஷம் ஏதும் உண்டோ" என்ற கேள்வி இருக்கும். அவள் கடிதத்தை அந்த வரியிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவாள். பிறகு மிச்சத்தை வாசிக்காமலே மடித்து வைத்துவிடுவாள். எனக்கும் வலிக்கும். நான் பகிடி விட்டுத் தப்பிவிடுவேன்.

என் சூட்டைத் தணிக்க அவள் வைத்தியத்தில் இறங்கினாள். விடியக் காலையில் ஊறவைத்த வெந்தயம், மத்தியானத்துக்கு ஃப்ளாஸ்கில் மோர், சனிக்கிழமை நல்லெண்ணெய் முழுக்கு. முழுகின அன்று வெயிலில் திரியக் கூடாது என்றும் கட்டளை. லண்டன் வானம் அதை எனக்காகவே கடைப்பிடித்தது. மற்ற ரைடர்மார் நின்று சூடாக சூப் குடிப்பார்கள், நான் பனிக்குள் மோர் குடிப்பேன்.

பிள்ளை விஷயமாகப் பதிந்து வைத்திருந்த ஆஸ்பத்திரியில் தை மாதம் எங்களைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு, அதனால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். டொக்டர் ஒரு வெள்ளைக்கார அம்மா. அவளிடம் கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டு முடித்து என் பக்கம் திரும்பினார். என்ன வேலை, இறுக்கமான உடுப்புப் போடுவீர்களா, இடுப்புப் பக்கம் சூடு படுமா என்று விசாரித்தார். டொக்டரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. காற்சட்டையின் கதையைச் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். அந்தச் சூடு ஆண்களுக்கு அவ்வளவு நல்லதல்ல, அதுதான் காரணம் என்று தன்னால் சொல்ல முடியாது, எதற்கும் கொஞ்ச மாதம் போடாமல் பாருங்கள் என்றார்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"மோட்டார் சைக்கிளைக் கவனமா ஓடட்டாம்."

"இல்லை. ஹீட் எண்டு சொன்னவ."

வீட்டு ஹீட்டரோடு தினமும் மல்லுக்கட்டுகிறவளுக்கு அந்தச் சொல் தெரியாமல் போகுமா? அகப்பட்டுக்கொண்டேன். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அவள் எழுந்து டொக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். காரணம் புரியாமல் டொக்டரும் கும்பிட்டார்.

அன்று பின்னேரமே காற்சட்டை அலுமாரிக்கு மேலே ஏறியது. கைப்பிடிச் சூட்டுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. மிச்சப் பனிக்காலம் முழுக்க இரண்டு பைஜாமா, அவற்றுக்கு நடுவில் பழைய பேப்பர். நடந்தால் சரசரக்கும். அலுவலகங்களில் வரவேற்பு மேசைப் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் முணுமுணுத்தேன், குளிரைத் திட்டினேன், டொக்டரையும் திட்டினேன். ஆனால் ஒரு நாள்கூட அதை எடுத்துப் போடவில்லை. பிள்ளை ஆசை அவளுக்குத்தான், எனக்கில்லை என்று அவ்வளவு காலமும் நடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பனிக்காலம் தொடங்கியது. கார்த்திகையில் ஒரு காலை, ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு, பைஜாமாவுக்குள் வைக்கப் பேப்பர் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அலுமாரியின் மேல்தட்டைக் காட்டினாள்.

"உதை எடுத்துப் போடுங்கோ."

"எதை?"

"கரண்ட் காற்சட்டையை. இனிப் போடலாம்."

"அப்ப எடுத்துத் தாருமன்."

"நான் இனிக் கதிரையில ஏறக் கூடாது. எனக்கு இப்ப ரண்டு மாசம்."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"நேற்றுத் தெரியும். டொக்டரிட்டைத் தனியப் போனனான். அவ சொன்னதெல்லாம் எனக்கு விளங்கினது."

தலையில் ஹெல்மெட்டோடு கட்டிலில் குந்தியிருந்து அழுதேன். வேலைக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போனேன்.