அரிக்காத அட்டைக்கடி

மழைக்காலத்தில் கொழுந்தெடுக்கப் போகுமுன் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் பூசிக்கொள்வோம், அட்டை ஏறாமலிருக்க. வண்டிப்பெரியார்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பதினாறு வருஷம் பூசிய கால் என்னுடையது. அதனால்தான், காய்ச்சல் விட்ட நாலாம் நாள் பாதம் மரத்தபோது அந்தப் பூச்சைத் திட்டினேன்.

"புகையிலைக் காட்டம் ஏறிருக்கும் புள்ள. ரெண்டு நாள் பூசாத" என்றார் வீட்டுக்காரர். பெரிய வைத்தியர்!

பூசாமல் போனேன். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினால் ரெண்டு காலிலும் ரத்தம். ஐந்து அட்டை. கடித்த இடம் மறுநாள் அரித்துப் பிடுங்கும். எனக்கு மறுநாளும் ஒன்றுமே இல்லை.

"அரிப்புக்கே ஒங்களப் பாத்தா பயம் போல மதினி" என்று சிரித்தாள் நாத்தனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரப்பு இடுப்புக்கு ஏறியிருந்தது. காலையிலிருந்து ஒன்றுக்குப் போக முடியவில்லை. அடிவயிறு கல்லாக நின்றது. எழுந்தேன், கால் மடங்கிவிட்டது.

ஜீப்பில் போட்டுக் கோட்டயத்துக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத் தண்டுவடம் வீங்கியிருக்கிறது, காய்ச்சலைக் கொண்டுவந்த வைரஸ் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

"நடப்பேனா?"

"மருந்து ஏத்துறோம். பார்க்கலாம்."

தினமும் கண்ணை மூடச் சொல்லி, காலில் ஊசியால் குத்தி, தெரிகிறதா என்று கேட்பார். மூன்றாம் நாள், பயத்தில், "தெரியுதும்மா" என்றேன்.

"நான் இன்னும் குத்தலையே" என்றார். தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

ஒரு மாதத்துக்குப் பின், வாக்கரைப் பிடித்து நாலடி வைக்கும் நிலையில் லயத்து வீட்டுக்கு வந்தேன். பாதம் ரெண்டும் இன்னும் மரக்கட்டைதான். ஒரு நாள் வேலைவிட்டு வந்த நாத்தனார் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலிருந்து ஓர் அட்டை விழுந்து என் வலது பாதத்தில் ஏறியது. அவள் உப்பை எடுக்க ஓடினாள்.

"விடு, கடிக்கட்டும்."

"கிறுக்கா மதினி ஒங்களுக்கு?"

மறுநாள் மத்தியானம் அந்த இடத்தில் லேசாக ஒரு குறுகுறுப்பு. நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் சோற்றுக்கையோடு ஓடிவந்தார்.

"அரிக்குதுய்யா! அரிக்குது!"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எடது காலு?" என்றார்.

அடுத்த நாள் சாயங்காலம் நாத்தனார் ஓர் இலையில் அட்டையை மடித்துக் கொண்டுவந்தாள். இடது காலை நீட்டினேன்.