கண்ணபிரானின் ஞாயிற்றுக்கிழமை

ராஜபாளையம் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்த கண்ணபிரான், ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாளாகக் குடியிருந்தார். 1988இல் ஆலைக்கு ஜெர்மன் மிஷின் வந்தது. பயிற்சிக்கு ஒருவரை ஜெர்மனிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். நாற்பத்திரண்டு வயதில் கண்ணபிரான் தபால் வழியாக ஜெர்மன் படிக்க ஆரம்பித்தார். விதிக்கு அடங்காத வினைச்சொற்கள் நூற்றெழுபதின் இறந்தகால வடிவங்களையும் பஸ்ஸில் போக வர முணுமுணுத்தே மனப்பாடம் செய்தார்.

ஆளைத் தேர்ந்தெடுக்க வந்த ஜெர்மன் இன்ஜினியர், தன் மொழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நேற்று ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்?"

"சாப்பிட்டேன், படித்தேன், தூங்கினேன்."

"அப்புறம்?"

நேற்றில் வேறெதுவும் இல்லை. மனப்பாடம் செய்ததோ ஏராளமாக மிச்சமிருந்தது. நண்பர்கள் வந்தார்கள், பிளவக்கல் அணைக்குப் போனோம், நீந்தினோம், பாடினோம் என்று பிழையில்லாமல் அடுக்கினார். இன்ஜினியர் சிரித்துக் கைகுலுக்கினார்.

வெளியே, கூட வேலை பார்க்கும் அசன் முகம்மது நின்றிருந்தார். "ஒன்னத்தான் அனுப்புதாவளாம்லே. என்ன கேட்டான்?"

"நேத்து என்ன செஞ்சன்னு கேட்டாரு."

"என்ன செஞ்ச?"

"சோறு பொங்கித் தின்னுட்டுப் படுத்துக் கெடந்தேன்."

"அதுக்கா ஜெர்மனிக்கு அனுப்புதான்?"

"ஆமா" என்றார் கண்ணபிரான்.