மினரல் என்றால் தண்ணி கேன் இல்லை

திருமலை அடிவாரத்தில், அலிபிரி பக்கத்து மெக்கானிக் இன்று என் சைக்கிளின் ஹைட்ராலிக் பிரேக்கில் மோட்டார் பைக்குக்கான பிரேக் ஆயிலை ஊற்றப் போனார். தடுத்தேன்.

“அண்ணா, இதுக்கு மினரல் ஆயில்தான். லீவர்லயே எழுதிக்கீது.”

“மினரலா? அது தண்ணி கேன்மா. எத்தினி வருசமா பைக்குக்கு இதத்தான் ஊத்திக்கினு கீறேன். வீட்ல ஆம்பளைங்க இருந்தா அனுப்பு, சொல்றேன்” என்றார்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“இத ஊத்தினா உள்ள கீற ரப்பர் ஊதிப் பூடும். எறக்கத்துல பிரேக் புடிக்கலன்னா உழப்போறது நான்தான், வீட்டு ஆம்பளைங்க இல்ல” என்றேன்.

பிரேக் லீவரின் மூடியை நானே திருகி மூடிவிட்டு, வீடுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

திருப்பதியில் மினரல் ஆயில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தண்ணி கேன் வீட்டில் இருக்கிறது.