தாழ்ப்பாள் போடாத குளியல்

மூன்றாவது செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக் கண்ணை மூடினேன். திறந்த பிறகும் இருட்டாகவே இருந்தது. மின்தடை என்று நினைத்து மனைவி பார்வதியைக் கூப்பிட்டேன்.

“கரண்டுல்லாம் இருக்கு. நீங்கதான் கீழ கெடக்கிய,” என்றாள்.

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். எதற்கும் ஒரு முறை உண்டு. தென்காசியில் மருத்துவமனைக்குப் போனதும் அவசரப் பிரிவைத் தாண்டி, புறநோயாளிகள் வரிசையில் சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். அவசரப் பிரிவு படுத்தபடி வருபவர்களுக்கு. நான் நடந்து வந்தவன். எனக்கு முன்னால் பதினொரு பேர். நான்காவது ஆள் உள்ளே போனபோது மறுபடி கரண்டு போயிற்று.

விழித்தபோது அவசரப் பிரிவில், முறைப்படி படுத்திருந்தேன். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. ஹார்ட் பிளாக் (இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின் உத்தரவு கீழறைக்குப் போய்ச் சேராத நிலை). உத்தரவு நடுவில் தங்கிவிடுவது எனக்குப் பழகிய கோளாறுதான்.

“வந்ததுமே ஏன் சார் சொல்லல?” என்றார் டாக்டரம்மா.

“வரிசை இருந்தது.”

“அந்த நாற்காலியிலயே போயிருப்பீங்க.”

இதைப் படிப்பவர்களுக்கு: மயங்கி விழுந்தவர் நடந்தே வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போகட்டும்.

திருநெல்வேலியில் பேஸ்மேக்கர் (துடிப்பு குறைந்தால் தூண்டிவிடும் சிறு கருவி) வைத்தார்கள். அதற்கு முன், ஒப்புதல் படிவத்தில் இருந்த நான்கு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன்.

“பயமா இருக்குன்னு சொன்னா என்ன கொறஞ்சா போவும்?” என்றாள் பார்வதி. நான் ஐந்தாவது பிழையைத் தேடினேன்.

இடது தோளுக்குக் கீழே காயம் ஆறியது. ஆனால் தலையில் தண்ணீர் விழும்போது கண்ணை மூட முடியவில்லை. மூடினால் அந்த இருட்டு வந்துவிடும். சோப்பு எரிய எரிய விழித்தபடி குளித்தேன். தாழ்ப்பாள் போடக்கூடாது என்பது பார்வதியின் உத்தரவு. வெளியே கீரை ஆய்ந்தபடி, “இருக்கியளா?” என்பாள். “இருக்கேன்.” செம்புக்கு ஒரு வருகைப் பதிவு.

கருவி வைத்த ஆறாம் மாதம், அருவிகளில் தண்ணீர் கொட்டும் சாரல் காலம் தொடங்கியது. அருவியில் குளிக்கலாமா என்று டாக்டரிடம் எழுதியே கேட்டேன், மறுப்பார் என்ற நம்பிக்கையில். “ஓரமா நில்லுங்க. இடது தோள்ல தண்ணி அடிக்கக் கூடாது. அவ்வளவுதான்,” என்று சொல்லிவிட்டார்.

ஐந்தருவிக்குப் போன பிறகுதான் உறைத்தது: ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம், அன்று மறந்திருந்தேன். பார்வதி துண்டை நீட்டினாள்.

“இங்கன நிக்கேன். இந்தச் சத்தத்துல கூப்பிட்டாலும் கேக்காது. போய்ட்டு வாங்க.”

தண்ணீருக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டேன்.

“அண்ணாச்சி, குளிக்கியளா, வேடிக்கை பாக்கியளா? வழிய விடுங்க!” பின்னால் ஒரு எண்ணெய் உடம்பு.

கம்பியைப் பிடித்து, தலையையும் வலது தோளையும் மட்டும் உள்ளே கொடுத்தேன். கண்ணை மூடினேன். இருட்டு. எந்த இருட்டு என்று தெரியவில்லை; “இருக்கியளா?” என்று கேட்கவும் ஆளில்லை. உள்ளங்கையில் கம்பி சில்லென்று இருந்தது. ஒன்பது வரை எண்ணினேன். திறந்தேன். முன்னால் யாருடைய முதுகோ நனைந்துகொண்டிருந்தது.

இப்போதும் தாழ்ப்பாள் போடுவதில்லை. ஆனால் கண்ணை மூடுகிறேன். ஒரு செம்புக்கும் அடுத்த செம்புக்கும் நடுவில் இவ்வளவு நேரம் இருப்பது முன்பு எனக்குத் தெரியாது. சில நாள் அந்த நேரத்திலேயே “இருக்கேன்” என்று சொல்லிவிடுகிறேன்.

“யாரு கேட்டா?” என்கிறாள் பார்வதி.